‘வாங்கு’ பொத்தானுக்குப் பின்னால்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலைத் திறந்தால் முதல் பாடத்திலேயே ‘இடைமுகம்’, ‘செயல்படுத்துதல்’ என்ற இரண்டு சொற்கள் வந்து நிற்கும். விளக்கின் பொத்தானை அழுத்துகிறோம், விளக்கு எரிகிறது. பொத்தான் இடைமுகம். சுவருக்குள் ஓடும் கம்பியும் மின்சாரமும் செயல்படுத்துதல். அழுத்துபவருக்குக் கம்பி எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டியதில்லை. மாணவர்கள் இதை எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘வேறுபடுத்துக’ என்றால் அட்டவணை போட்டு எழுதியும் விடுகிறார்கள். ஆனால், ‘கம்பியை மாற்றியவர் பொத்தானையும் மாற்றச் சொன்னால் வீட்டுக்காரர் என்ன செய்வார்?’ என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்றைச் சில ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தபோது அது ஒரு புகாராக வந்தது.

அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் பள்ளிக்கு வந்திருந்தார். பெரிய மகன் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு, சிறியவள் ஏழாம் வகுப்பு. கணவர் வளைகுடா நாட்டில் வேலை. அவர் அனுப்பும் பணம் வரும் வங்கிக் கணக்கும் இந்த அம்மாவின் கைப்பேசியும் இணைந்தவை. நான்கு மாதங்களாக மாதம் 299 ரூபாய் குறைகிறது. விசாரித்தால், சிறியவள் படம் வரையும் செயலி ஒன்றில் ‘3 நாள் இலவசம்’ என்பதை அழுத்தியிருக்கிறாள். யுபிஐ ரகசிய எண் அவளுக்குத் தெரியும். கடைக்குப் போய் ஸ்கேன் செய்து காசு கொடுத்துவிட்டு வருவதே அவள்தானே!

“அந்த ஆப்பை மொத மாசமே அழிச்சுட்டோம் டீச்சர். போன்லயே இல்லாத ஒண்ணு எப்படி மாசாமாசம் காசு எடுக்கும்?”

கேள்வி மிகச் சரியானது. கணினி அறிவியல் படித்த பலரும் இதற்கு உடனே விடை சொல்ல மாட்டார்கள். செயலி போய்விட்டது, கொள்முதல் போகவில்லை. ஏனென்றால் கொள்முதல் ஒருபோதும் செயலிக்குள் இருந்ததே இல்லை. ‘செயலிக்குள் வாங்குதல்’ என்று அதற்குப் பெயர் வைத்ததுதான் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது.

டோக்கனும் கம்பியும்

பேருந்து நிலையத்துப் பக்கம் சில சிற்றுண்டிக் கடைகளில் முதலில் கல்லாவில் காசு கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். டோக்கனைப் பரோட்டா மாஸ்டரிடம் கொடுத்தால் அவர் அதைக் கம்பியில் குத்திவிட்டுத் தட்டை எடுத்து வைப்பார். மாஸ்டர் காசைத் தொடுவதில்லை. கல்லாக்காரர் பரோட்டா போடுவதில்லை. கைப்பேசியில் நடப்பதும் இதுவே. படம் வரையும் செயலி, விளையாட்டு, பாடம் நடத்தும் செயலி எல்லாம் மாஸ்டர்கள். கல்லாவில் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் ப்ளே, ஐபோனில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர். ‘வாங்கு’ என்பதை அழுத்தியதும் திரையின் கீழ்ப்பாதியில் எழுந்து வரும் விலைப் பலகை செயலிக்குச் சொந்தமானது இல்லை, கல்லாவுக்குச் சொந்தமானது. செயலியின் நிரல் ‘இந்தப் பொருளுக்குக் கல்லாவைத் திற’ என்று ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறது. பணம் வந்ததும் கல்லா ஒரு டோக்கன் தருகிறது. நான் உவமைக்காகச் சொல்லவில்லை, கூகுளின் ஆவணங்களிலேயே அதற்குப் பெயர் ‘கொள்முதல் டோக்கன்’தான்.

செயலி அந்த டோக்கன் உண்மையானதா என்று பார்க்க வேண்டும். பார்த்தபின் பொருளைத் தர வேண்டும். பிறகு ‘பெற்றுக்கொண்டேன், கொடுத்துவிட்டேன்’ என்று கல்லாவுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். கம்பியில் குத்துவது இதுதான். 2019 மே மாதம் வந்த கூகுளின் இரண்டாம் பதிப்பு இடைமுகத்திலிருந்து இது கட்டாயம். 3 நாளுக்குள் கம்பியில் குத்தாவிட்டால், பொருள் போய்ச் சேரவில்லை என்று கருதி, வாங்கியவரின் பணத்தைக் கல்லா தானாகவே திருப்பிக் கொடுத்துவிடும்.

டோக்கனிலும் வகைகள் உண்டு. விளையாட்டில் வாங்கும் 100 நாணயம் செலவாகித் தீர்வது, தீர்ந்தபின் மறுபடி வாங்கலாம். ‘விளம்பரம் இனி வேண்டாம்’ என்று ஒருமுறை வாங்குவது நிலைத்து நிற்பது, புதுக் கைப்பேசி வாங்கினாலும் அதே கணக்கில் நுழைந்தால் கிடைக்கும். மூன்றாவது சந்தா. மாதாமாதம் கல்லாவே நம்மைத் தேடி வந்து டோக்கன் கிழிக்கும். நாம் அந்தக் கடைப் பக்கமே போகாவிட்டாலும், கல்லாவில் ‘நிறுத்து’ என்று சொல்லாதவரை அது கிழித்துக்கொண்டே இருக்கும். அந்த அம்மாவின் கேள்விக்கு விடை இதுதான். அழித்தது மாஸ்டரை, நிறுத்த வேண்டியது கல்லாவில்.

கல்லா ஏன் விதியை மாற்றிக்கொண்டே இருக்கிறது?

ஆப்பிள் 2009இல் தன் மூன்றாம் பதிப்பு ஐபோன் இயங்குதளத்துடன் செயலிக்குள் வாங்கும் வசதியைத் தந்தது. கூகுள் 2011இல் தந்தது. அன்று எழுதிய நிரல் இன்று அப்படியே ஓடாது. இரண்டு நிறுவனங்களும் அந்த இடைமுகத்தைப் பலமுறை மாற்றியிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு சிக்கல் இருந்தது.

முதல் சிக்கல் போலி டோக்கன். 2012 ஜூலையில் ரஷ்ய நிரலாளர் ஒருவர் ஆப்பிளின் கல்லாவைப் போலவே நடிக்கும் ஒரு சர்வரை வைத்து, காசு கொடுக்காமலேயே ஐபோன் செயலிகளில் பொருள் வாங்க வழி காட்டினார். டோக்கனைச் சரிபார்க்காமல் நம்பிய செயலிகள் எல்லாம் ஏமாந்தன. நாம் மதிப்பெண் சான்றிதழுக்கு மெய்த்தன்மை கேட்டு அனுப்புகிறோமே, அதுபோல ஒவ்வொரு ரசீதையும் ஆப்பிளின் சர்வருக்கு அனுப்பி ‘இது நீங்கள் கொடுத்ததா?’ என்று கேட்பதே பழைய முறையில் பாதுகாப்பான வழி. 2021 ஜூனில் அறிவித்த ‘ஸ்டோர்கிட் 2’ என்ற புதிய இடைமுகத்தில் ஒவ்வொரு கொள்முதலிலும் ஆப்பிளின் மின்கையொப்பம் இருக்கிறது. கையொப்பத்தைச் செயலி கைப்பேசியிலேயே சோதித்துக்கொள்ளலாம், கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய இடைமுகத்தை 2024இல் ஆப்பிள் ‘வழக்கொழிந்தது’ என்று அறிவித்துவிட்டது. வழக்கொழிந்தது என்றால் நாளையே நின்றுவிடும் என்று பொருளில்லை. ஓடும், ஆனால் புதிய வசதி எதுவும் அதில் சேராது, என்றாவது ஒருநாள் நிற்கும். பழைய பாடத்திட்டத்தில் தோல்வியுற்றவருக்கு இன்னும் சில தேர்வுகள் மட்டும் பழைய வினாத்தாள் தருவோமே, அந்த நிலை.

இரண்டாவது சிக்கல் குழந்தைகள். ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் ஆப்பிளில் 15 நிமிடம், கூகுளில் 30 நிமிடம் மறுபடி கேட்காமல் கல்லா திறந்தே கிடந்த காலம் ஒன்று உண்டு. பெற்றோர் ஏதோ ஒன்றுக்குக் கடவுச்சொல் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைக் குழந்தையிடம் தருவார்கள். அந்த இடைவெளியில் குழந்தை வாங்கிக் குவித்துவிடும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இதை வழக்காக எடுத்தது. 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும், அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் பெற்றோருக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. குழந்தைகள் விளையாட்டாகச் செலவழித்த தொகை! நம் ஊரில்தான் பிள்ளைகள் இப்படி என்று நினைத்துத் தலைகுனிந்து வரும் பெற்றோருக்கு இந்தச் செய்தியை நான் சொல்வதுண்டு. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மூன்றாவது, வணிக முறையே மாறிப்போனது. முன்பு ஒரு பொருள், ஒரு விலை. கடைகளில் சரக்குக்கு ஒரு எண் கொடுப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் எஸ்கேயூ என்ற ஓர் அடையாளம். மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா, முதல் 3 நாள் இலவசம், திரும்பி வந்தவருக்குச் சலுகை என்று பெருகியபோது ஒவ்வொன்றையும் தனிச் சரக்காகப் பதிந்து நிர்வகிக்க முடியவில்லை. 2022 மே மாதம் வந்த கூகுளின் ஐந்தாம் பதிப்பு இதைப் பிரித்துப்போட்டது. மேலே சந்தா, அதற்குள் அடிப்படைத் திட்டங்கள், ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் சலுகைகள். ஒரே பள்ளி, அதற்குள் வகுப்பு, அதற்குள் பிரிவு என்பது போன்ற அமைப்பு. ‘எஸ்கேயூ விவரம் கொடு’ என்று கேட்ட பழைய செயற்கூறின் இடத்தில் ‘பொருள் விவரம் கொடு’ என்ற புதிய செயற்கூறு வந்தது. பெயர் மட்டும் மாறியிருந்தால் ஒரு மதிய நேரத்தில் மாற்றிவிடலாம். திரும்பி வரும் விடையின் வடிவமே மாறியதால் அதைப் படிக்கும் நிரல் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது.

கூகுளில் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுதான் ஆயுள். 2025 ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதிய செயலியோ பழைய செயலியின் புதுப்பித்தலோ ஏழாம் பதிப்பிலோ அதற்கு மேலோ இருந்தால்தான் கடையில் ஏற்பார்கள். கூடுதல் அவகாசம் கேட்டவர்களுக்கு நவம்பர் 1 வரை. முன்பே கைப்பேசியில் இருக்கும் செயலி அன்று நின்றுவிடாது. ஆனால் அதன் உரிமையாளர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினாலும், ‘முதலில் கல்லா இடைமுகத்தை மாற்றிக்கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையில் வருகைப் பதிவு போடப் போகும்போது ‘புதிய பதிப்பை நிறுவவும்’ என்று திரை மறித்தால் நமக்கு வரும் பதற்றம் எல்லாருக்கும் தெரியும். நாம் ஒரு பொத்தானை அழுத்தி முடித்துவிடுகிறோம். மறுமுனையில் இருப்பவர் அதற்கு வாரக்கணக்கில் உழைத்திருப்பார்.

ஜெயங்கொண்டத்துப் பையன் சொன்னது

அப்படி உழைத்தவர் ஒருவர் என் பழைய மாணவர். ஜெயங்கொண்டம் பக்கம், தமிழ்வழியில் படித்தவர், இப்போது சென்னையில் ஒரு சிறு நிறுவனத்தில் செயலி எழுதுகிறார். போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் செயலி அது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொன்னேன். தன் வெற்றிக் கதையைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் தவற்றைச் சொன்னார். அதனால்தான் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவர்களது செயலி ஆறாம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. ‘அடுத்தடுத்து இரண்டு முறை மாற்றுவானேன்’ என்று நேராக எட்டாம் பதிப்புக்குத் தாவினார்கள். எட்டில் பழைய எஸ்கேயூ செயற்கூறை அடியோடு நீக்கிவிட்டார்கள். நிரலைத் தொகுத்தால் திரை முழுக்கச் சிவப்புக் கோடு. நான்கு நாளில் எல்லாவற்றையும் சரிசெய்து, சோதனைக் கணக்கில் வாங்கிப் பார்த்தார்கள். பணம் போனது, பாடம் திறந்தது. வெளியிட்டுவிட்டார்கள்.

“நாலாவது நாள் காலையில ஆபீஸ்ல ஒரே போன் மிஸ். ‘நேத்து வரைக்கும் பாடம் திறந்துச்சு, இன்னிக்குப் பூட்டிருக்கு’ன்னு. பார்த்தா வாங்குன எல்லாருக்கும் காசு திரும்பிப் போயிருக்கு.”

புதிதாக எழுதிய நிரலில் சந்தாவுக்கான கிளையில் கம்பியில் குத்தும் வரியை விட்டுவிட்டார். ஒரே ஒரு வரி. டோக்கன் வந்தது, பாடத்தைத் திறந்தார்கள், ஆனால் கல்லாவிடம் ‘கொடுத்துவிட்டேன்’ என்று சொல்லவில்லை. 3 நாள் பொறுத்துப் பார்த்த கல்லா பணத்தைத் திருப்பிவிட்டு உரிமையையும் எடுத்துவிட்டது. சோதனையில் ஏன் தெரியவில்லை? வாங்கியதும் பாடம் திறக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, அந்தக் கொள்முதல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் நிலைக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

“அப்ப வாங்குனவங்களுக்கு லாபந்தானேண்ணா?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: “தேர்வுக்கு ஒரு வாரம் இருந்துச்சுப்பா. காசு திரும்ப வந்தது அவங்களுக்குப் பெரிசாத் தெரியல. படிக்கிற நேரத்துல பூட்டிடுச்சேன்னுதான் திட்டுனாங்க.”

இடைமுகம் என்பது இரண்டு பேருக்கு இடையிலான ஒப்பந்தம் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகுதான் மாணவர்கள் அதை நம்பினார்கள்.

ஒரு பாடவேளையில் செய்து பார்க்கலாம்

கணினி ஆய்வகம் வேண்டாம், இணையம் வேண்டாம். துண்டுச் சீட்டுகளும் ஒரு கம்பியும் போதும். ஒரு மாணவர் கல்லா, மூன்று பேர் மூன்று செயலிகள், ஒருவர் வங்கி, மற்றவர்கள் வாங்குபவர்கள். வாங்குபவர் செயலியிடம் கேட்க வேண்டும், செயலி கல்லாவிடம் சீட்டு அனுப்ப வேண்டும், கல்லா வங்கியைக் கேட்டு டோக்கன் எழுதித் தர வேண்டும், செயலி பொருளைக் கொடுத்துவிட்டுக் கம்பியில் குத்த வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்தால் ஒரு ‘நாள்’. மூன்றாவது மணிக்குள் குத்தாத டோக்கனுக்குக் காசு திரும்பிவிடும். நான் செய்தபோது முதல் சுற்றிலேயே ஒரு செயலி நொடித்துப்போனது. அவன் டோக்கன்களைப் பத்திரமாகச் சட்டைப்பையில் சேர்த்துவைத்திருந்தான்!

பிறகு நடுவில் கல்லாக்காரரை அழைத்துக் காதோடு ஒரு புதிய விதி சொல்லுங்கள்: இனிமேல் சீட்டில் பொருள் பெயர் மட்டும் எழுதினால் போதாது, எந்தத் திட்டம், எந்தச் சலுகை என்றும் இருக்க வேண்டும். பழைய சீட்டுடன் வருபவர்கள் திரும்பி அனுப்பப்படுவார்கள். கூச்சல் எழும். ‘முன்னாடியே சொல்லியிருக்கணும்’ என்பார்கள். எத்தனை நாள் முன்னால் சொன்னால் நியாயம் என்று அவர்களையே பேச விடுங்கள். வழக்கொழிதல் பற்றி நான் நடத்திய எந்த விளக்கமும் அந்தப் பத்து நிமிடச் சண்டைக்கு ஈடாகாது.

என் வகுப்பில் அந்தச் சண்டையின் நடுவே ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், கல்லாக்காரரே ஒரு கடையும் வச்சிருந்தா? மத்த கடைக்கு மட்டும் கமிஷன் வாங்குனா?”

இதே கேள்வியோடு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. டிஜிட்டல் பொருள் விற்கும் எல்லாச் செயலிகளும் தன் கல்லாவையே பயன்படுத்த வேண்டும் என்று 2020 செப்டம்பரில் கூகுள் கண்டிப்பாகச் சொன்னது. இந்திய நிறுவனங்கள் எதிர்த்ததால் இங்கு மட்டும் கெடு தள்ளித் தள்ளிப் போனது. 2022 அக்டோபர் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், கூகுள் தன் வலுவான நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று கூறி 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்து, வேறு கல்லாக்களையும் அனுமதிக்கச் சொன்னது. அதன்பின் செயலிக்காரர்கள் தம் சொந்தக் கல்லாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூகுள் இடம் கொடுத்தது. ஆனால் அந்தக் கல்லாவில் விழும் பணத்துக்கும் கட்டணம் உண்டு. வழக்கமான 15 அல்லது 30 சதவீதத்துக்குப் பதிலாக 11 அல்லது 26. வெறும் 4 சதவீதம்தான் குறைவு.

சென்னையில் இயங்கும் பாரத் மேட்ரிமோனியின் நிறுவனம் உள்ளிட்ட பலர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2023 ஆகஸ்டில் தனி நீதிபதியும், 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் அந்த மனுக்களை ஏற்கவில்லை. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. மார்ச் 1 அன்று, கட்டணம் செலுத்தாத 10 இந்திய நிறுவனங்களின் செயலிகளை ப்ளே ஸ்டோரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கியது. ஒன்றிய அரசு தலையிட்டுப் பேசியபின் சில நாளில் அவை திரும்ப வந்தன. போட்டி ஆணையத்தின் அபராதத்தை 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 216.69 கோடியாகக் குறைத்தது.

என் மாணவிக்கு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கரும்பலகையில் 299 என்று எழுதி, வரியை விட்டுவிட்டு, 15 சதவீதம் போடச் சொன்னேன். 44 ரூபாய் 85 காசு கல்லாவுக்கு, 254 ரூபாய் 15 காசு மாஸ்டருக்கு. 11 சதவீதமானால் 32 ரூபாய் 89 காசு. “சொந்தக் கல்லாவுக்கு பேங்க் செலவு தனியா ஆகுமே மிஸ், அப்ப மிச்சம் என்ன?” என்று அவளே அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். வணிகவியல் ஆசிரியரையும் கணித ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டால் இந்த ஒரு பொத்தானை வைத்து மூன்று பாடவேளை ஓட்டலாம்.

யுபிஐ வந்த பிறகு

நம் பெற்றோருக்கு நேரடியாகத் தொடர்புள்ள மாற்றம் ஒன்று தனியாக இருக்கிறது. கிராமத்தில் கடன் அட்டை வைத்திருப்பவர் குறைவு என்பதால், சில ஆண்டுகளுக்கு முன்வரை இந்தச் சந்தாக்கள் நம் பக்கம் அதிகம் எட்டிப்பார்க்கவில்லை. 2020 ஜூலையில் யுபிஐ ஆட்டோபே வந்தது. ஒருமுறை ரகசிய எண் கொடுத்து அனுமதித்தால் அடுத்தடுத்த மாதங்களில் எண் கேட்காமலே பணம் போகும். 2022 நவம்பரில் கூகுள் ப்ளே இதைச் சந்தாக்களுக்குக் கொண்டுவந்தது. வங்கிக் கணக்கும் கைப்பேசியும் உள்ள எந்த வீடும் அன்றிலிருந்து சந்தா கட்டக்கூடிய வீடாகிவிட்டது. அப்பா சம்பளம் அனுப்பும் கணக்கும் அதில் அடங்கும்.

ரிசர்வ் வங்கி இதற்கு வேலி போட்டிருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் தொடர்பிடித்தத்துக்கு முதல் அனுமதியின்போது கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். எண் கேட்காமல் எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு முதலில் 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000. வேலி நல்லதுதான். செந்துறை அம்மாவின் கைப்பேசியிலும் நான்கு மாதமும் முன்தகவல் வந்திருந்தது, ஆங்கிலத்தில். வங்கி, சிம் நிறுவனம், பரிசு விழுந்ததாகச் சொல்லும் மோசடிக்காரர் என்று எல்லாரும் ஆங்கிலத்திலேயே அனுப்பும்போது எதைப் படிப்பது, எதை விடுவது? மகனை அழைத்து அந்த நான்கு செய்திகளையும் உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘மேண்டேட்’ என்ற சொல்லில் நின்றுவிட்டான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்! அடுத்த நாள் அந்தச் சொல்லும் ‘ஆட்டோபே’, ‘ரினியூவல்’, ‘ட்ரையல்’ என்பனவும் கரும்பலகையின் ஓரத்தில் ஏறின. ஆங்கில ஆசிரியை ஏழாம் வகுப்பிலும் எழுதிப் போட்டார்.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தில் தடைசெய்யப்பட்ட 13 தந்திர வடிவமைப்புகளைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று சந்தாப் பொறி. சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குவது. நுகர்வோர் மன்றம் நடத்தும் பள்ளிகளில் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மாணவர்கள் தம் வீட்டுக் கைப்பேசியிலுள்ள செயலிகளைச் சோதிக்கலாம். என் வகுப்பு ஒரே மாலையில் நிறையக் கொண்டுவந்தது. பாதிக்கு மேல் உண்மையான பொறிகள் இல்லை, வெறும் விளம்பரங்கள். அந்த வேறுபாட்டை விவாதித்ததும் நல்ல பாடம்தான்.

அந்த அம்மாவோடு உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன், பெற்றோர் கூட்டத்தில் அப்படியே செய்து காட்டலாம். ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் இருக்கும் படத்தை அழுத்தி, பணம் செலுத்துதல், சந்தாக்கள் பகுதிக்குப் போனோம். அழித்துவிட்ட அந்தச் செயலியின் பெயர் அங்கே சுகமாக உட்கார்ந்திருந்தது. ரத்து செய்தோம். யுபிஐ செயலிக்குள்ளும் ஆட்டோபே பட்டியலைத் திறந்து அனுமதி நின்றுவிட்டதா என்று பார்த்தோம். பிறகு ப்ளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அடையாளம் கேட்கும்படி மாற்றினோம். சிறியவளைத் திட்டவில்லை. புதிய ரகசிய எண் மட்டும் அம்மாவே வைத்துக்கொள்வதாக முடிவானது. கடைக்கு இனி சில்லறை கொடுத்து அனுப்புவாராம்.

நான்காவது மாதப் பிடித்தம் முந்தின நாள்தான் நடந்திருந்தது. 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே பணம் திரும்பக் கேட்கலாம். மகன் படிவத்தை நிரப்பினான். ‘என்ன காரணம்?’ என்ற இடத்தில் ‘குழந்தை தெரியாமல் வாங்கியது’ என்பதைத் தேர்ந்தெடுத்தான். அந்த 299 மூன்று நாளில் கணக்குக்கு வந்துவிட்டது. முந்தைய மூன்று மாதப் பணத்துக்குச் செயலிக்காரருக்கு மின்னஞ்சல் எழுதினோம். பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். புகார் எண்ணைப் பையன் தன் கணினி அறிவியல் நோட்டின் பின்னட்டையில், இடைமுகம் பற்றிய படத்துக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறான்.